மே மாதத் தண்ணீர்க் கணக்கு

கல்லாறில் பஸ் நின்றபோது காலை ஏழரை மணி. பாக்குத் தோப்பிலிருந்து ஈர வாடை வந்துகொண்டிருந்தது. எங்களுக்கு முன்னால் வெளியூர்க் கார்கள் வரிசையாக நின்றன. ஒவ்வொரு காரின் ஜன்னலோரமும் ஒருவர் குனிந்து, ஓட்டுநர் நீட்டும் செல்போனில் இ-பாஸைப் பார்த்துக் கையசைத்து அனுப்பினார். அரசு பஸ்ஸுக்கு இ-பாஸ் தேவையில்லை என்பதால் நாங்கள் வரிசையை ஒதுங்கித் தாண்டினோம். ஜன்னலோரம் உட்கார்ந்து நான் கார்களை எண்ணிக்கொண்டே வந்தேன். நாற்பத்து மூன்றில் வளைவு மறைத்துவிட்டது.

சென்னை உயர் நீதிமன்றத்தின் உத்தரவால் 2024 மே 7 முதல் நீலகிரிக்கும் கொடைக்கானலுக்கும் இ-பாஸ் நடைமுறைக்கு வந்தது. முதல் ஆண்டு, எத்தனை வண்டி மலையேறுகிறது என்று தெரிந்துகொண்டார்கள். 2025 ஏப்ரலில் எண்ணிக்கைக்கே வரம்பு வந்தது: நீலகிரிக்கு வார நாட்களில் 6,000 வண்டி, வார இறுதியில் 8,000. இந்த மலைகள் எவ்வளவுதான் தாங்கும் என்று ஆராயும் பொறுப்பு சென்னை ஐஐடியிடமும் பெங்களூரு ஐஐஎம்மிடமும் ஒப்படைக்கப்பட்டது. மலையின் தாங்குதிறனை ஒருவர் எண்ணிப் பார்க்கச் சொன்னதே பெரிய காரியம் என்று நினைக்கிறேன். நான் போன வேலையும் எண்ணுகிற வேலைதான்.

கோவையில் மில்களுக்கு மின்சாரக் கணக்குப் பார்ப்பது என் தொழில். கல்லூரியில் எனக்கு இரண்டு வருடம் இளையவள் ஒருத்தி, ஊட்டியில் அவளுடைய அப்பா கட்டிய முப்பது அறை விடுதியை இப்போது நடத்துகிறாள். வருடா வருடம் ஒரு பெங்களூரு கம்பெனி அங்கே தன் ஊழியர்களை மூன்று நாள் கூட்டத்துக்கு அனுப்பும். இந்த முறை முன்பதிவோடு ஒரு படிவமும் வந்திருந்தது. ஓர் அறை, ஓர் இரவு: அதற்கு எத்தனை கிலோ கார்பன், எத்தனை லிட்டர் தண்ணீர், எத்தனை கிலோ குப்பை?

"அக்கா, ரூம் வாடகை கேட்டா சொல்லுவேன், சாப்பாடு கேட்டா சொல்லுவேன். இதுக்கு என்னன்னு எழுதறது? மூணு நாள் வந்து இருங்களேன்" என்றாள் போனில்.

2025 மே இரண்டாம் வாரம். மலர்க் கண்காட்சி தொடங்கவிருந்த நேரம். பர்லியாரில் பஸ்ஸை நிறுத்தி பிளாஸ்டிக் சோதனை நடந்தது. பின் சீட்டுக் குழந்தையின் கையிலிருந்த அரை லிட்டர் பாட்டில் போய்விட்டது. குழந்தை குன்னூர் வரை அழுதது. அதற்குள் குளிர் காற்று வந்துவிட்டது.

*

இந்தப் படிவம் எங்கிருந்து வருகிறது என்பதைச் சொல்லிவிட வேண்டும். பங்குச்சந்தையைக் கண்காணிக்கும் செபி, 2022-23 முதல் சந்தையின் முதல் 1,000 கம்பெனிகள் பிஆர்எஸ்ஆர் என்ற அறிக்கையைக் கட்டாயமாகத் தர வேண்டும் என்றது. எரிபொருள், மின்சாரம், தண்ணீர், குப்பை எல்லாவற்றுக்கும் அதில் கட்டங்கள் இருக்கின்றன. தங்கள் ஊழியர் பயணத்தில் உண்டாக்கும் கார்பனையும் சேர்த்துச் சொல்கிற கம்பெனி, அவர்கள் படுத்துத் தூங்கிய அறையின் கணக்கை விடுதியிடம்தானே கேட்க வேண்டும்? அப்படித்தான் மும்பையில் எழுதப்படும் ஒரு விதி ஊட்டியில் ஒரு வரவேற்பு மேசைக்கு வந்து சேர்கிறது.

கேட்பதற்கு ஒரு பொது முறையும் உண்டு. முன்பெல்லாம் ஒவ்வொரு விடுதியும் தனக்குத் தோன்றிய விதத்தில் கணக்குப் போடும். ஒன்று நீச்சல்குளத்தைச் சேர்க்கும், ஒன்று சேர்க்காது. 2012ல் உலகின் பெரிய விடுதி நிறுவனங்கள் 23 ஒன்றாக உட்கார்ந்து எச்சிஎம்ஐ என்ற முறையை வகுத்தன. ஒரு வருடத்து மின்சாரம், எரிபொருள் எல்லாவற்றையும் கார்பனாக மாற்று. கூட்ட அரங்குக்கு உரிய பங்கைப் பரப்பளவை வைத்துப் பிரி. மிச்சத்தை, அந்த வருடம் ஆள் தங்கிய அறை-இரவுகளால் வகு. 2016ல் தண்ணீருக்கும், 2021ல் குப்பைக்கும் இதேபோன்ற முறைகள் வந்தன.

சென்னை கிண்டியில் 2012ல் திறந்த ஐடிசி கிராண்ட் சோழா, 600 அறைகளோடு, பசுமைக் கட்டடத்துக்கான லீட் பிளாட்டினம் சான்றிதழ் வாங்கியது. அந்த அளவு விடுதியில் இந்தக் கணக்குக்கென்றே பொறியாளர்கள் இருப்பார்கள். முப்பது அறை லாட்ஜில் யார் இருக்கிறார்கள் என்பதே பஸ்ஸில் என் கவலையாக இருந்தது.

இருந்தார். பராமரிப்பு அண்ணன்.

அறுபதை ஒட்டிய வயது. மங்கி கேப்பும் நீல ஸ்வெட்டரும். ஜெனரேட்டர் ரூமின் ஆணியில் ஒரு நீண்ட கணக்கு நோட்டு தொங்கியது. அட்டையில் எண்ணெய்க் கைரேகைகள். திறந்தால் தினமும் காலை ஆறு மணிக்கு எழுதிய வரி: ஈபி ரீடிங், டீசல் போட்ட லிட்டர், சிலிண்டர் மாற்றியது, தண்ணீர் லாரி எத்தனை லோடு, பாய்லருக்கு விறகு எத்தனை எடை.

"யாரு எழுதச் சொன்னாங்க அண்ணா?"

"யாரும் சொல்லலைங்க மேடம். பெரியவர் காலத்துல டீசல் குறையுதுன்னு ஒரு சந்தேகம் வந்துச்சு. என் மேல பழி வந்துரக் கூடாதுன்னு எழுத ஆரம்பிச்சேன். பதினாலு வருசம் ஆச்சுங்க."

பதினாலு நோட்டுகளும் அலமாரியில் இருந்தன. நான் பெரிய ஆலைகளில்கூட இப்படி விடுபடாத பதிவைப் பார்த்ததில்லை. நிலைத்தன்மை அறிக்கை என்று எத்தனையோ பளபளப்பான புத்தகங்கள் வருகின்றன. அவற்றின் அடியில் யாரோ ஒருவர் காலை ஆறு மணிக்கு டார்ச் அடித்து மீட்டர் பார்க்காவிட்டால் அந்தப் பக்கங்களில் எதுவுமே இல்லை.

உட்கார்ந்து கணக்குப் போட ஆரம்பித்தோம். நம் நாட்டு மின்கட்டமைப்பில் ஒரு யூனிட்டுக்குச் சராசரியாக 0.7 கிலோவை ஒட்டி கார்பன் டை ஆக்சைடு. டீசல் ஒரு லிட்டர் எரிந்தால் ஏறக்குறைய 2.7 கிலோ. சமையல் கேஸ் ஒரு கிலோவுக்கு 3 கிலோ. ஆக 19 கிலோ வணிக சிலிண்டர் ஒன்று தீர்ந்தால் 57 கிலோவுக்குப் பக்கம். அண்ணன் இதைக் கேட்டதும் மூலையில் நின்ற நான்கு காலி சிலிண்டர்களைத் திரும்பிப் பார்த்தார். "இத்தனையும் காத்துல போச்சுங்களா?" என்றார்.

மின்சாரத்தில் ஒரு சிக்கல் எனக்கு உறுத்தியது. இதே மாவட்டத்தில் பைக்காராவில் 1932 முதல் தண்ணீரிலிருந்து மின்சாரம் எடுக்கிறார்கள். குந்தா, மோயாறு எல்லாம் பிறகு வந்தவை. மலையே மின்சாரம் தருகிற ஊர். ஆனால் கணக்கில், ஊட்டியில் எரியும் பல்புக்கும் நிலக்கரி அனல்மின் நிலையத்துக்குப் பக்கத்தில் எரியும் பல்புக்கும் ஒரே சராசரிதான். அது சரியும்கூட. கம்பியில் ஏறிய மின்சாரத்துக்கு ஊர் கிடையாது. சொந்தமாகக் காற்றாலை வைத்திருக்கும் பெரிய விடுதிகள் அதை ஒப்பந்தத்தோடு காட்டித் தங்கள் எண்ணைக் குறைத்துச் சொல்லலாம். அதற்கும் விதியில் இடம் உண்டு. எது எந்த முறை என்று பக்கத்திலேயே எழுதிவிட வேண்டும். அதை எழுதாத அறிக்கையை நான் நம்புவதில்லை.

நோட்டில் மார்ச் மாதத்து வரி ஒன்றில் கண் நின்றது. 'கோல்ட் ரூம் கேஸ் ஃபில்லிங் 1 கிலோ.'

"இது எதுக்கு அண்ணா?"

"லீக்குங்க. மெக்கானிக் வந்து அடைச்சு, ரொப்பிட்டுப் போனாரு."

குளிர்பதன வாயு. ஆர்-404ஏ என்று பில்லில் இருந்தது. ஒரு கிலோ வெளியேறினால் ஏறக்குறைய 3,900 கிலோ கார்பன் டை ஆக்சைடுக்குச் சமம் என்று கணக்கு. யூனிட்டாக மாற்றினால் ஐயாயிரத்து ஐந்நூறுக்கும் மேல். அறைக்கு அறை போய் "விளக்கை அணைக்கவும்" என்று ஒட்டி மிச்சம் பிடித்ததெல்லாம் ஒரு செப்புக் குழாயின் ஊசித் துளை வழியாக, யாருக்கும் தெரியாமல், மணமும் நிறமும் இல்லாமல் போயிருக்கிறது. பெரும்பாலான சிறு விடுதிகளில் இந்த வரியே கணக்குக்கு வராது. ரிப்பேர் செலவு என்று போய்விடும். அண்ணன் எழுதி வைத்திருந்ததால் வந்தது.

*

இரண்டாம் நாள் விடிகாலை, என் அறைக் குளியலறையில் வெந்நீர்க் குழாயைத் திறந்தேன். பனிபோல் தண்ணீர் வந்தது. எல்லா விடுதிகளிலும் இப்படித்தான். நாமும் திறந்துவிட்டுப் பல் தேய்ப்போம். அன்று என்னவோ, பக்கெட்டை வைத்துவிட்டு மணி பார்த்தேன். கை தாங்கும் சூடு வர மூன்று நிமிடமும் சில நொடிகளும் ஆயின. அதற்குள் பக்கெட்டில் ஏறிய தண்ணீரைக் குவளையால் அளந்தேன். பதினாலு லிட்டர்.

அண்ணனிடம் சொன்னேன். அவர் என்னை மாடிக்கு அழைத்துப் போனார். விறகு பாய்லர் கட்டடத்தின் கீழ்க்கோடியில். என் அறை மேல்தளத்தின் கடைசி. நடுவில் ஓடும் குழாய் திறந்தவெளிச் சுவரோடு போகிறது. அதன் மேல் சுற்றியிருந்த கயிறும் சாக்கும் நைந்து தொங்கின. "ராத்திரி முழுக்கக் குழாயில நிக்கற தண்ணி ஐஸாயிருமுங்க. காலைல அத்தனையும் வெளிய வந்தாத்தான் சூடு வரும்" என்றார். அறை இருபத்தெட்டிலிருந்து முப்பது வரை இப்படி. கீழ் அறைகளில் நான்கைந்து லிட்டரில் சூடு வந்துவிடுமாம். அவருக்கு ஒவ்வொரு அறையின் எண்ணும் மனப்பாடம். அவரிடம் இதை யாரும் கேட்டதில்லை.

இந்தியத் தரநிலையில் விடுதிகளுக்குத் தண்ணீர்த் தேவை என்று ஓர் எண் உண்டு: நான்கு நட்சத்திரம் வரை தலைக்கு 180 லிட்டர், அதற்கு மேல் 320. நகரத்து வீட்டில் ஆளுக்கு 135 லிட்டர் போதும் என்று வைக்கிற அதே நாட்டில்தான். விருந்தாளி வீட்டில் இருப்பதைவிடக் கூடுதலாகச் செலவழிப்பார் என்பது விதியிலேயே ஏறியிருக்கிறது. அந்தக் கூடுதலில் எவ்வளவு அவர் குளித்தது, எவ்வளவு குளிப்பதற்குக் காத்திருந்தது என்று யாரும் பிரிப்பதில்லை. அறையில் பக்கெட்டே இல்லாத விடுதிகளில், காத்திருக்கும் தண்ணீருக்குச் சாக்கடையைத் தவிர வேறு வழியும் இல்லை. பக்கெட் வைத்த குளியலறையை நான் எப்போதும் மதிப்பேன்.

கட்டிலில் ஓர் அட்டை இருந்தது. பூமியைக் காக்கத் துண்டைத் திரும்பப் பயன்படுத்துங்கள் என்று. இந்த அட்டைக்கு ஒரு பழைய கதை உண்டு. அமெரிக்கச் சூழலியலாளர் ஜே வெஸ்டர்வெல்டு 1980களில் ஃபிஜித் தீவில் ஒரு கடற்கரை விடுதியில் இப்படி ஓர் அட்டையைப் பார்த்தார். பவளத்திட்டைக் காப்பாற்றத் துண்டை மறுபடி பயன்படுத்தச் சொன்ன அதே விடுதி, பக்கத்திலேயே புதிய குடில்கள் கட்டிக்கொண்டிருந்தது. 1986ல் அவர் எழுதிய கட்டுரையில்தான் 'கிரீன்வாஷ்' என்ற சொல் பிறந்தது. பச்சை வண்ணம் பூசுவதைக் குறிக்க உலகம் முழுக்க இன்று புழங்கும் சொல், ஒரு விடுதி அறையின் துண்டிலிருந்து வந்திருக்கிறது.

ஆனாலும் அட்டையை ஒதுக்கிவிட முடியாது. கோல்ட்ஸ்டைன், சியால்டினி, கிரிஸ்கெவீசியஸ் ஆகிய மூவர் 2008ல் வெளியிட்ட ஆய்வு ஒன்று இருக்கிறது. சூழலைக் காப்பாற்றுங்கள் என்று மட்டும் சொன்ன அட்டைக்கு, துண்டைத் திரும்பப் பயன்படுத்தியவர்கள் 37 சதவீதம். 'இதே அறையில் தங்கியவர்களில் பெரும்பாலோர் துண்டைத் திரும்பப் பயன்படுத்தினார்கள்' என்று சொன்ன அட்டைக்கு 49 சதவீதம். முகம் தெரியாத, நமக்கு முன்னால் அதே கட்டிலில் படுத்தவருக்கு நாம் இவ்வளவு மரியாதை தருகிறோம். ஓர் எண்ணை எங்கே, யார் பேரில் சொல்கிறோம் என்பதில் எவ்வளவு இருக்கிறது!

*

அன்று பிற்பகல் மாதவாரியாகப் பிரித்துப் போட்டபோதுதான் நான் பேனாவை வைத்தேன்.

கணக்குப் புரிவதற்காக உருண்டையான எண்களில் சொல்கிறேன். முப்பது அறை விடுதி. ஆள் இருந்தாலும் இல்லாவிட்டாலும் ஓடும் பம்பு, ஃபிரீசர், வராந்தா விளக்கு எல்லாம் சேர்ந்து நாளைக்கு 120 யூனிட் என்று வையுங்கள். ஆள் தங்கும் ஒவ்வோர் அறைக்கும் கூடுதலாக 6 யூனிட். மே மாதம் முப்பதும் நிரம்பினால் மொத்தம் 300. அறைக்கு 10 யூனிட், 7 கிலோ கார்பன். ஆகஸ்ட் மழையில் ஆறு அறைதான் போகிறது என்றால் மொத்தம் 156. அறைக்கு 26 யூனிட், 18 கிலோவுக்கு மேல். படிவம் கேட்பது அறைக்கு எவ்வளவு என்று. அதன்படி மே மாதம் அருமையான மாதம். ஆகஸ்ட் மோசம்.

தண்ணீருக்கும் இதே போக்கு. தோட்டம், தரை கழுவுதல், சமையலறை எல்லாம் அறைகளின்மேல் பரவிவிடுவதால், நிரம்பிய மாதத்தில் அறைக்கான லிட்டர் இறங்குகிறது.

அதே நோட்டின் பக்கத்துப் பத்தியில் லாரி எண்ணிக்கை. ஆகஸ்டில் ஒன்றுகூட இல்லை. அக்டோபரில் இரண்டாம் சீசனுக்கு நான்கைந்து. மே மாதத்தில் நாள் தவறாமல் லாரி, சில நாள் இரண்டு லோடு.

ஊட்டிக்குக் குடிநீர் தருபவை பார்சன்ஸ் வேலி, மார்லிமந்து, டைகர் ஹில், தொட்டபெட்டா, கோடப்பமந்து போன்ற நீர்த்தேக்கங்கள். மந்து என்றால் தோடர் குடியிருப்பு. சோலைக்காட்டுக்கும் புல்வெளிக்கும் இடையில் எருமை மேய்ந்த இடங்களின் பெயர்கள் இன்று நம் குழாய்களில் வருகின்றன. சோலையும் புல்வெளியும் பஞ்சுபோல் மழையை உறிஞ்சி வைத்து, கோடையில் கொஞ்சம் கொஞ்சமாக விடும். அந்தக் கொஞ்சத்தை மே மாதத்தில் ஊர்க்காரர்களோடு சேர்ந்து வெளியூர்க் கூட்டமும் பங்குபோடுகிறது. மாவட்டத்தில் ஆழ்துளைக் கிணறு தோண்டவும் கட்டுப்பாடு உண்டு. ஆக, லாரி எந்தக் கிணற்றிலிருந்து எடுத்தாலும் அது பக்கத்துப் பள்ளத்தாக்கில் யாரோ ஒருவரின் ஊற்று.

அறைக்கு எவ்வளவு என்ற எண் மிக அழகாக இருக்கும் மாதமும், மலைக்கு மிகப் பெரிய பாரமாக இருக்கும் மாதமும் ஒரே மாதம். வருட சராசரியாக்கி ஓர் எண்ணை அனுப்பினால் இரண்டுமே மறைந்துவிடும். வகுத்துச் சொல்வது தப்பு என்று சொல்லமாட்டேன். பெரிய விடுதியையும் சிறிய விடுதியையும் ஒப்பிட வேறு வழியில்லை. வகுப்பதற்கு முந்தைய மொத்தத்தையும், அது எந்த மாதத்தில் எந்தத் தண்ணீர் என்பதையும் கூடவே எழுதியாக வேண்டும். குறிப்பாக மலையில். தண்ணீர் கார்பனைப்போல அல்ல. கார்பன் எங்கே எரிந்தாலும் வானம் ஒன்றுதான். ஊட்டியில் மே மாதம் எடுத்த ஒரு லிட்டருக்கு ஆகஸ்டில் மிச்சம்பிடித்த ஒரு லிட்டர் ஈடாகாது.

இதை அவளிடம் காட்டியபோது முகம் வாடிவிட்டது. "மொத்தமும் மாசக் கணக்கும் போட்டு அனுப்பினா, லாரி தண்ணியில நடக்கற லாட்ஜுன்னு நெனச்சுக்க மாட்டாங்களா அக்கா? பக்கத்துல எல்லாரும் ஒரே நம்பரோட முடிச்சுருவாங்க."

அவள் பயம் நியாயமானது. உண்மை சொல்பவருக்கு முதல் வருடம் நஷ்டம் வரக்கூடும் என்பதை நான் மறுக்கவில்லை. அன்று நாங்கள் முடிவெடுக்கவில்லை.

*

சாயங்காலம் மூட்டை மூட்டையாகக் கட்டில் விரிப்புகள் வேனில் ஏறின. ஊட்டி ஈரத்தில் துணி காய்வதில்லை, மே மாதத்தில் துவைக்கத் தண்ணீரும் இல்லை. அதனால் மேட்டுப்பாளையத்தில் துவைத்துத் தேய்த்து மறுநாள் மேலே வரும். எச்சிஎம்ஐ முறையில் வெளியே கொடுக்கும் சலவையையும் சேர்க்க வேண்டும் என்று தெளிவாக இருக்கிறது. சேர்க்காவிட்டால், துவைப்பதை வெளியே கொடுத்த விடுதி ஒரே நாளில் 'பசுமை'யாகிவிடும். நாங்கள் கிலோக் கணக்கில் சேர்த்தோம். வேன் டீசலையும் எழுதினோம்.

மேட்டுப்பாளையத்தில் அந்த விரிப்புகளை அலசும் ஊர்த் தண்ணீர் பவானியுடையது. பவானி பிறப்பது இந்த மலையில். குந்தாவும் குன்னூர் ஆறும் மோயாறும் இங்கிருந்து இறங்கித்தான் அதில் சேர்கின்றன. துணி ஐம்பது கிலோமீட்டர் கீழே போய், மேலே மிச்சப்பட்டதாக நாங்கள் நினைத்த அதே மலையின் நீரில் அலசப்பட்டுத் திரும்பி வருகிறது.

குப்பைக்கு எடைத் தராசு வாங்கினோம். காலை உணவு முடிந்து பத்தரை மணிக்கு மிஞ்சியதை வாளியில் போட்டு நிறுத்தபோது சமையல்காரர் கொஞ்சம் சங்கடப்பட்டார். தட்டில் மிஞ்சியது தனி, பாத்திரத்தில் மிஞ்சியது தனி என்று பிரித்தோம். பாத்திரத்தில் மிஞ்சியதுதான் அதிகம். பொங்கல். "கூட்டம் வரும்னு போட்டது மேடம்" என்றார். மறுநாளிலிருந்து கடைசி அரை மணிக்குச் சிறு பாத்திரத்தில் இறக்குவதாக அவரே சொன்னார். யாரும் அவரைக் கண்டிக்கவில்லை. எடை தெரிந்தது, போதுமானதாக இருந்தது. எடை போடாத நாட்களில் இதெல்லாம் தீட்டுக்கல் குப்பைக் கிடங்குக்குப் போய்க்கொண்டிருந்தது.

எண்ணினால் பொருள் திரும்பி வரும் என்பதற்கு நீலகிரியில் நல்ல உதாரணம் உண்டு. காட்டில் வீசிய மதுப்பாட்டில் கண்ணாடி யானையின் காலைக் கிழிப்பதைத் தடுக்க, உயர் நீதிமன்ற உத்தரவின்படி 2022 மே மாதம் டாஸ்மாக் கடைகளில் பாட்டிலுக்குக் கூடுதலாக 10 ரூபாய் வாங்கி, காலி பாட்டிலைக் கொடுத்தால் திருப்பித் தரும் திட்டம் இந்த மாவட்டத்தில்தான் தொடங்கியது. விடுதியின் பின்புறம் காலிப் பாட்டில்களைச் சாக்கில் கட்டி வைத்திருந்த ரூம்பாய் பெருமையோடு எண்ணிக்கை சொன்னான்.

விறகுதான் என்னைக் குழப்பியது. மரம் எரிந்து வரும் கார்பனை, மற்றவற்றோடு கூட்டாமல் தனி வரியாகக் காட்ட வேண்டும் என்பது கணக்கியல் விதி. மரம் மறுபடி வளரும் என்ற நம்பிக்கையில். அண்ணன் வாங்குவது சீகை. வெள்ளைக்காரர்கள் கொண்டுவந்து நட்ட மரம், கற்பூர மரத்தைப் போலவே. புல்வெளியைத் தின்று பரவிவிட்டது. அதை அகற்றத்தான் வனத்துறை பாடுபடுகிறது. சீகை விறகும் சோலை மரத்து விறகும் படிவத்தில் ஒரே கட்டத்தில் விழும். ஒன்றை வெட்டினால் மலை மூச்சுவிடும், மற்றதை வெட்டினால் ஓர் ஊற்று வற்றும். அடிக்குறிப்பில் 'சீகை மட்டும்' என்று எழுதினேன். அதற்கு மேல் படிவத்தில் இடமில்லை.

*

மூன்றாம் நாள் கல்லட்டி வழியாக மசினகுடி போகும் பஸ்ஸில் ஏறினேன். முப்பத்தாறு கொண்டையூசி வளைவுகள். அரை மணி நேரத்தில் குளிர் தீர்ந்து, கள்ளியும் முள்ளும் படர்ந்த சீகூர் பீடபூமி விரிந்தது. மேற்குத் தொடர்ச்சி மலையும் கிழக்குத் தொடர்ச்சி மலையும் கைகோக்கும் இடம். யானைகள் இந்தக் குறுகலான நிலத்தின் வழியாகத்தான் ஒரு காட்டிலிருந்து இன்னொரு காட்டுக்குப் போகின்றன. அந்த வழியில் விடுதிகள் முளைத்தன. 2018 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் 27 விடுதிகளுக்குச் சீல் வைக்கச் சொன்னது. 2020 அக்டோபரில், யானை வழித்தடத்தை உறுதிசெய்த சென்னை உயர் நீதிமன்றத்தின் 2011 தீர்ப்பைச் சரி என்றது.

பஸ் ஜன்னலிலிருந்து ஒரு பூட்டிய இரும்புக் கதவைப் பார்த்தேன். கதவின் மேல் லந்தானா ஏறியிருந்தது. உள்ளே மூங்கில் வேய்ந்த குடில் ஒன்று சாய்ந்து நின்றது. அந்த மாதிரிக் குடிலில் ஏசி தேவையில்லை. சூரிய வெந்நீர் வைத்திருக்கலாம், மண் சுவர் எழுப்பியிருக்கலாம். அறைக்கு எவ்வளவு என்று கேட்டால், நாட்டிலேயே சிறந்த எண்களில் ஒன்றை அதனால் தந்திருக்க முடியும். எந்த நிலத்தில் நிற்கிறாய் என்ற கேள்வியை அறை-இரவால் வகுக்க முடியாது. அந்தக் கேள்விக்கு இங்கே நீதிமன்றம் போக வேண்டியிருந்தது.

மசினகுடியில் தேநீர் குடித்துவிட்டு அடுத்த பஸ்ஸில் ஏறிவிட்டேன். அன்று மறுபடி எண்களோடு உட்கார்ந்தபோது, படிவத்துக்கு வெளியே ஒரு பக்கம் சேர்க்கலாம் என்று சொன்னேன். அதில் விடுதி எங்கே இருக்கிறது, எந்த நீரோட்டத்தின் அருகில், தண்ணீர் எங்கிருந்து வருகிறது, எந்த மாதம் எத்தனை லாரி, விருந்தினர் கார்கள் ஏறி இறங்கும் டீசலை நாங்கள் கணக்கில் சேர்க்கவில்லை என்பது, ஓட்டுநர்கள் தங்கும் கூடத்துத் தண்ணீரைச் சேர்த்திருக்கிறோம் என்பது. சேர்த்ததைச் சொல்வதைவிட விட்டதைச் சொல்வது முக்கியம் என்று எனக்குத் தோன்றுகிறது. கோடு எங்கே போட்டோம் என்று தெரிந்தால், படிக்கிறவர் மிச்சத்தைத் தானே கேட்டுக்கொள்வார்.

அவள் நெடுநேரம் பேசவில்லை. பிறகு, "அந்தக் கம்பெனிக்காரங்க ஏன் மே மாசம் வரணும்? ஆகஸ்ட்ல வாங்க, ரூம் காலியா இருக்கு, தண்ணி நெறைய இருக்குன்னு எழுதட்டுமா அக்கா? வாடகையும் கொறச்சுக் குடுக்கலாம்" என்றாள்.

நான் யோசிக்காத வழி அது. ஆகஸ்டில் முப்பது பேர் வந்தால் அந்த மாதத்து மோசமான எண்ணும் இறங்கும், மே மாதத்து லாரியும் குறையும். அறிக்கையின் கடைசிப் பத்தியாக அதையே எழுதினோம். தமிழில் சொல்லச் சொல்ல அவள் ஆங்கிலத்தில் தட்டினாள்.

*

கிளம்பும் காலை, சீசன் நேர ஒருவழிப் பாதையால் பஸ் கோத்தகிரி வழியாக இறங்கும் என்றதால் சீக்கிரம் எழுந்தேன். ஜெனரேட்டர் ரூமில் விளக்கு எரிந்தது. அண்ணன் நோட்டில் ஸ்கேல் வைத்துப் புதிய கோடுகள் போட்டுக்கொண்டிருந்தார். முதல் கோட்டின் தலையில் 'ரூம் எத்தனை'. அடுத்ததில் 'குழாய் முறை', ஊர்க் குழாயில் தண்ணீர் வரும் முறைநாள். கடைசியில் 'வெந்நீர், 30ஆம் நம்பர், லிட்டர்'.

குழாயில் நைந்து தொங்கிய சாக்கை எடுத்துவிட்டு, குன்னூரிலிருந்து வாங்கிவந்த கறுப்பு ரப்பர் உறையை முந்தின நாளே பாதி தூரம் மாட்டியிருந்தார். மேலே போய்க் குழாயைத் திறந்து, பக்கெட்டோடு இறங்கி வந்தார்.

"ஒம்பதுங்க மேடம்" என்றார். பேனாவை எடுத்து, தேதிக்கு நேராக எழுதினார்: ரூம் 30. குழாய் முறை இல்லை. லாரி 2. வெந்நீர் 9.